இழைத்த மை: தூரிகை எழுத்தில் கல்லும் கட்டியும் செய்யும் வேலை

கேள்வி

சீனத்திலும் கொரியாவிலும் ஜப்பானிலும் தூரிகை எழுத்துக்கலை கற்க வந்தவருக்கு ஒரு கல்லையும் ஒரு கறுப்புக் கட்டியையும் முதலில் கையில் கொடுப்பது நெடுநாள் வழக்கம். கல்லில் சில துளி நீர் விட்டு, கட்டியை நிமிர்த்திப் பிடித்து, சந்தனம் இழைப்பதுபோல் இழைத்தால் மை கிடைக்கும். இன்று புட்டியில் அடைத்த மை எங்கும் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் கையால் இழைத்த மைக்கு ஈடில்லை என்ற நம்பிக்கை மட்டும் தேயவில்லை. ஏன் ஈடில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது: இழைக்கும்போது மனம் அடங்குகிறது, அது ஒரு தியானம்.

இந்த விடையைத் தவறென்று தள்ள முடியாது. இழைத்துப் பழகியவர் யாரும் அதை மறுக்க மாட்டார். ஆனால் அது விளக்கவேண்டியதை விளக்காமலே விட்டுவிடுகிறது. மனம் அடங்குவதுதான் நோக்கமென்றால் அதற்கு எத்தனையோ வழிகள் உண்டு, மைக்கட்டி எதற்கு? கால் மணி நேரம் கண்மூடி உட்கார்ந்துவிட்டுப் புட்டியைத் திறந்தால் போதாதா? போதாது என்கிறவர்கள் மையைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள், மனத்தைப் பற்றி மட்டும் அல்ல. அந்த ஏதோ ஒன்று என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மை எப்படிக் கட்டியாயிற்று, கல்லின்மேல் உண்மையில் என்ன நடக்கிறது, பழைய நாட்களில் யார் இழைத்தார்கள், புட்டி வந்தபின் எது மாறியது என்ற வரிசையில் சான்றுகளைப் பார்க்கலாம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இழைப்பதன் பயன் முதலில் மையின் பதத்தை எழுதுபவர் தம் கையில் வைத்துக்கொள்வதில் இருக்கிறது. மன அடக்கம் அதைத் தொடர்ந்து வருவது.

மை ஏன் கட்டியாயிற்று

1975, 76ஆம் ஆண்டுகளில் சீனத்தின் ஹூபெய் மாகாணத்தில், யுன்மெங் வட்டாரத்து ஷுய்ஹூதியில் சின் காலக் கல்லறைகள் அகழப்பட்டன. நான்காம் எண் கல்லறையில் சிறிய மைத்துண்டு ஒன்றும், கல் ஒன்றும், அதன்மேல் வைத்துத் தேய்க்க ஒரு குழவியும் கிடைத்தன. அதே கல்லறையில் மரப்பட்டிகையில் எழுதிய இரண்டு கடிதங்களும் இருந்தன. ஹெய்ஃபு, ஜிங் என்ற இரண்டு சகோதரர்கள் போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதியவை அவை. பணம் அனுப்புங்கள், துணி அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய அந்த எழுத்துகளை இன்றும் படிக்க முடிகிறது. கரி வெளுப்பதில்லை.

இந்தக் குழவி ஒரு முக்கியமான சான்று. தொடக்கத்தில் மையைக் கையில் பிடித்து யாரும் இழைக்கவில்லை. சிறு உருண்டையையோ சில்லையோ கல்லில் போட்டு, நீர்விட்டு, குழவியால் நசுக்கிக் கரைத்தார்கள். ஹான் காலத்தின் பிற்பகுதியிலிருந்து அச்சில் அழுத்திச் செய்த, கைக்கு அடங்கும் கட்டிகள் பெருகப்பெருகக் குழவி மெல்ல மறைந்தது. இன்று தொன்மையின் அடையாளமாகக் காட்டப்படும் கைவீச்சு, மையின் வரலாற்றில் இரண்டாவது கட்டத்தைச் சேர்ந்தது. ஹான் அரசின் தலைமைச் செயலக அலுவலர்களுக்கு மாதந்தோறும் யூமி என்ற ஊரின் பெரிய மை ஒன்றும் சிறிய மை ஒன்றும் படியாக அளக்கப்பட்டதாக அக்கால நிர்வாகக் குறிப்பு சொல்கிறது. அரிசி, எண்ணெய் போல அதுவும் தீர்ந்துபோகும் பண்டமாகவே கணக்கில் இருந்தது.

ஏன் கட்டி? இதற்கு மிகத் தெளிவான விடை ஆறாம் நூற்றாண்டில் ஜியா சிஷியே தொகுத்த ‘சிமின் யாவோஷூ’ என்னும் வேளாண் நூலில் கிடைக்கிறது. உழவு, கால்நடை, ஊறுகாய், மது என்று விரியும் அந்த நூலில் மை செய்யும் முறையும் இருக்கிறது. சலித்த புகைக்கரி ஒரு ஜின் எடுத்தால் நல்ல தோல்பசை ஐந்து லியாங் சேர்க்க வேண்டும். ஒரு ஜின்னுக்குப் பதினாறு லியாங் என்பதால் கரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பசை. அந்தப் பசையை ஒரு மரப்பட்டைச் சாற்றில் ஊறவைக்க வேண்டும். ஐந்து முட்டையின் வெள்ளைக்கருவும் ஒரு லியாங் கஸ்தூரியும் சேரும். பிறகு இரும்பு உரலில் முப்பதாயிரம் இடி. அதற்கு மேலும் இடித்தால் இன்னும் நல்லது. இரண்டாம் மாதத்தையும் ஒன்பதாம் மாதத்தையும் தாண்டக் கூடாது: சூடு கூடினால் கெட்டு நாறும், குளிர் கூடினால் உலராது. கட்டி சிறிதாக இருக்கட்டும், பெரிதாக வேண்டாம்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வதைப் போன்ற விலங்குப் பசைதான் மையின் உயிர். கரியைக் காகிதத்தில் பிடித்துவைப்பது அது. ஆனால் ஈரமாக இருந்தால் சில நாளில் அழுகிவிடும். ஆகவே கட்டி என்பது முதலாவதாக ஒரு பதப்படுத்தும் முறை. மையை உலர்த்தி உறங்கவைப்பது. இரண்டாவது, கரியும் பசையும் ஒன்றோடொன்று கலக்கும் பெரிய வேலை உரலில் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு கரித்துகளின் மேலும் பசை படிவதற்குத்தான் முப்பதாயிரம் இடி. எழுதுபவர் கல்லில் செய்வது மை தயாரிப்பு ஆகாது. பல மாதங்களுக்கு முன், சில சமயம் பல பத்தாண்டுகளுக்கு முன், வேறொருவர் முடித்துவைத்த கலவையை அவர் திரும்ப நீருக்குள் விடுவிக்கிறார். “சொந்தமாக மை செய்கிறேன்” என்று இழைப்பவர் சொல்லும்போது உரலுக்குப் பின்னால் நின்ற கைகள் மறைந்துபோகின்றன. இது எனக்குச் சிறிய பிழையாகத் தோன்றவில்லை.

அந்தக் கைகள் என்ன செய்தன என்பதை 1637இல் வெளியான சொங் யிங்ஷிங்கின் ‘தியேன்கொங் காய்வு’ விவரிக்கிறது. பைன் மரத்தின் அடியில் துளையிட்டு விளக்கு வைத்துச் சூடேற்றி முதலில் பிசினை வடித்துவிட வேண்டும். பிசின் சிறிது எஞ்சினாலும் அந்த மை கடைசிவரை திப்பியோடு இருக்கும். பிறகு மூங்கிலை வளைத்துக் கட்டிப் பாயும் காகிதமும் ஒட்டிய நீண்ட புகைக்கூடத்தின் ஒரு முனையில் விறகை நாள்கணக்கில் எரிக்க வேண்டும். தீக்கு அருகில் படியும் கரி முரடு. அது புத்தகம் அச்சிடுவோருக்கும் அரக்குப் பூசுவோருக்கும் போகும். கூடத்தின் கடைசி ஒன்றிரண்டு அறைகள்வரை மிதந்து சென்று படியும் மெல்லிய கரியே உயர்ந்த மைக்கு. எண்ணெய்க் கரி வேறு வகை. ஒரு ஜின் டுங் எண்ணெயை எரித்தால் ஒரு லியாங்குக்குச் சற்று மேல் நல்ல கரி கிடைக்கும். ஏறக்குறையப் பதினாறில் ஒரு பங்கு. கை வேகமுள்ள ஒருவர் இருநூறு விளக்குகளைக் கவனிக்கலாம். சுரண்டி எடுக்கத் தாமதித்தால் கரி முற்றிவிடும்.

இத்தனை விறகு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பதினொன்றாம் நூற்றாண்டிலேயே ஒருவர் கேட்டார். அறிவியலாளரும் அதிகாரியுமான ஷென் குவோ (1031–1095) வடமேற்கு எல்லையில் பணியாற்றியபோது, நிலத்திலிருந்து கசியும் எண்ணெயை எரித்து அந்தப் புகைக்கரியில் மை செய்து பார்த்தார். அரக்குபோல் பளபளத்ததாகவும் பைன்மை அதற்கு நிகராகாது என்றும் எழுதினார். பைன் காடுகள் பல பகுதிகளில் அழிந்து மலைகள் மொட்டையாகிவிட்டன, நில எண்ணெயோ வற்றாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கின் பிற்பாதியைப் பற்றி இன்று நமக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் எழுத்துக்காகக் காடு எரிகிறது என்பதை அவ்வளவு முன்னதாக ஒருவர் வெளிப்படையாகப் பதிவு செய்தது பெரிய செய்தி. மை இழைத்தலின் அழகைப் பேசும் எழுத்துகளில் இந்தப் பக்கம் அரிதாகவே வருகிறது.

கல்லின் மேல் நடப்பது

நல்ல மைக்கல்லைத் தொட்டுப் பார்த்தால் குழந்தையின் கன்னம்போல வழவழப்பாக இருக்கும் என்பார்கள். ஆனால் வெறும் வழவழப்பில் கட்டி வழுக்கும், தேயாது. குவாங்தொங்கின் துவான் கல்லிலும் ஆன்ஹுவெய்யின் ஷே கல்லிலும் மென்மையான அடித்தளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத கடினமான கனிமத் துணுக்குகள் நெருக்கமாகப் பரவியிருக்கின்றன. அவற்றின் கூர்முனைகள் கட்டியை மிகமிக மெல்லியதாக அரம்போல் அராவுகின்றன. காலப்போக்கில் முனைகள் மழுங்கும்; அப்போது மிருதுவான சாணைக்கல்லால் மேற்பரப்பைத் தேய்த்து மீண்டும் கூராக்குவார்கள். சொங் காலத்து எழுத்துக் கலைஞர் மீ ஃபூ (1051–1107) மைக்கற்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். கல்லின் தரத்தை மை எழும்பும் விதத்தை வைத்து முதலில் மதிக்க வேண்டும், நிறம் அடுத்தது, வடிவமும் வேலைப்பாடும் அதற்கும் அடுத்தது என்பது அவர் தீர்ப்பு. செதுக்கல் அழகுக்காக விலை ஏறும் இன்றைய கற்சந்தையில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

நீரைப் பொறுத்தமட்டில் குறைவே நிறைவு. கல்லில் ஒரு மேடும் ஒரு பள்ளமும் இருக்கும். ஜப்பானியர்கள் இவற்றை நிலம் என்றும் கடல் என்றும் அழைக்கிறார்கள். மேட்டில் சில துளி விட்டு, கட்டியை அழுத்தாமல், அதன் எடையே வேலை செய்யும்படி வட்டமாகவோ முன்பின்னாகவோ நகர்த்த வேண்டும். நோயாளியின் கைபோல் தளர்ந்த கை வேண்டும் என்பது பழைய வாக்கு. முதலில் நீர் சாம்பல் நிறமாகிறது. கட்டி போன தடம் உடனே நீரால் மூடிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் கல்லும் கட்டியும் உரசும் சன்ன ஓசை அடங்கிவிடும். நீரின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு வரும். கட்டி நகர்ந்த தடம் ஒரு கணம் திறந்தே நின்று பிறகு மூடும். அந்த ஒரு கணத்தின் நீளம்தான் பதம். தேர்ந்தவர்கள் அதைப் பார்த்தே நிறுத்துகிறார்கள். மற்றவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் இழுத்துப் பார்க்கலாம். பள்ளத்துக்கு வழித்துவிட்டு மீண்டும் மேட்டில் சில துளி. அழுத்தி அவசரமாகத் தேய்த்தால் கறுப்பு விரைவில் வரும். ஆனால் முரட்டுத் துகள்கள் கட்டியிலிருந்து பெயர்ந்து, தூரிகையின் நுனியில் மணலாகத் தட்டும்.

வேதியியல் மொழியில் சொன்னால் நல்ல மை ஒரு கூழ்மம். கரித்துகள் தானாக நீரில் நனையாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் படியப் பார்க்கும். துகளைச் சூழ்ந்த பசைப் படலம்தான் அவற்றை விலக்கி மிதக்கவைக்கிறது. இயற்பியலாளரும் கட்டுரையாளருமான தெராதா தொராஹிகோ (1878–1935) தம் கடைசி ஆண்டுகளில் மையின் கூழ்மத்தன்மையை ஆய்வகத்தில் ஆராய்ந்து 1934, 1935ஆம் ஆண்டுகளில் ஆய்வுரைகள் வெளியிட்டார். பனிப்படிக ஆய்வுக்குப் பெயர்பெற்ற அவருடைய மாணவர் நகாயா உகிசிரோ இந்த ஆராய்ச்சியைப் பொது வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னார். எழுத்தறையில் கைவழக்கமாக இருந்தது கேள்வியாகவும் ஆகலாம் என்று காட்டியவர்கள் இவர்கள்.

கூழ்மம் என்று தெரிந்ததும் பழைய கட்டளைகள் பலவற்றுக்குக் காரணம் புலப்படுகிறது. உப்பும் சுண்ணமும் மிகுந்த கடினநீரில் துகள்கள் திரண்டுவிடும். அதனால்தான் மென்னீர். குளிரில் பசை கட்டியாக உறையும். குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீர் விடுவதும், சிங் அரண்மனையில் அடியில் நெருப்பு வைத்த சூட்டுக்கல் இருந்ததும் அதற்காகவே. எழுதி முடித்ததும் கட்டியின் ஈர முனையைத் துடைக்காவிட்டால் உலரும்போது வெடிக்கும். கட்டியைக் கல்லின்மேல் நிறுத்திவிட்டுப் போனால் பசை ஒட்டிக்கொண்டு, பிடுங்கும்போது கல்லின் தோலும் சேர்ந்து வரும். கரியின் வகையும் நிறத்தில் தெரியும். நுண்துகளான எண்ணெய்க் கரி நீர்த்தபோது பழுப்புச் சாயலும், பருமன் கூடிக்குறைந்த பைன் கரி நீலச் சாயலும் காட்டுகின்றன. 847 வாக்கில் எழுதிய ஜாங் யென்யுவான் மையிலேயே ஐந்து நிறங்களும் உண்டென்று சொன்னது வெறும் அணியில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளிப்பது மெல்லிய மையில் இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடம். ஒட்டும்பசை கலக்காத மென்காகிதத்தில், நீர்த்த மையால் ஒரு கோடு இழுத்து அதன் குறுக்கே இன்னொன்று இழுத்தால், முதலில் இழுத்த கோடுதான் மேலே இருப்பதுபோல் தெரியும். முதல் கோட்டின் கரியும் பசையும் இழைகளில் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டதால் இரண்டாவது கோட்டின் துகளுக்கு அங்கே நுழைய வழியில்லை. ஒவ்வொரு கோட்டிலும் கரி தங்கிய நடுப்பகுதி ஒன்றும், நீர் மட்டும் பரவிய வெளிவிளிம்பு ஒன்றும் பிரிந்து நிற்கும். எழுதிய வரிசையைக் காகிதம் அப்படியே காட்டிக்கொடுக்கிறது. இந்த விளிம்பின் அகலம் பதத்தைப் பொறுத்தது. பதம் இழைப்பைப் பொறுத்தது.

நம் ஓலைச்சுவடி மரபோடு ஒப்பிட்டால் இதன் பொருள் துலங்கும். எழுத்தாணியால் ஓலையில் கீறிய பிறகே விளக்குக்கரியைத் தடவிக் கீறலைக் கறுப்பாக்குவார்கள். கரி தடவும்போது எழுத்தின் வடிவம் முடிந்துபோன காரியம். யார் தடவினாலும் வடிவம் மாறாது. தூரிகை எழுத்தில் எழுத்தின் உடலே மைதான். கோடு எங்கே கசியும், எங்கே வறண்டு வெண்மை காட்டும், எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பதெல்லாம் தூரிகை காகிதத்தைத் தொடும் முன்பே கல்லில் பாதி முடிவாகிவிடுகிறது.

யார் இழைத்தார்கள்

தியான விளக்கத்தை ஆதரிப்போர் காட்டும் மிக முக்கியமான பழஞ்சான்று, நான்காம் நூற்றாண்டின் பேரெழுத்தர் வாங் ஷிட்சியின் பெயரால் வழங்கும் ஒரு சிறு உரை. அது உண்மையில் அவர் எழுதியதா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. பிற்காலத்தார் அவர்மேல் ஏற்றியிருக்கலாம். எப்படியாயினும் பழையது. எழுத விரும்புகிறவர் முதலில் மை இழைத்துக்கொண்டே மனத்தை ஒருமுகப்படுத்தி அமைதியாக எண்ண வேண்டும் என்கிறது அது. இதுவரை மேற்கோள் காட்டுவோர் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உரை நிற்கவில்லை. எழுத்துகளின் சிறுமை பெருமை, சாய்வு, நிமிர்வு, அசைவு ஆகியவற்றை முன்கூட்டியே மனத்தில் வரைந்து பார்க்க வேண்டும் என்று தொடர்கிறது. மனத்தை வெறுமையாக்குவதைப் பற்றிய பேச்சே இதில் இல்லை. மனம் இங்கே எழுத்தால் நிறைகிறது. களத்தில் இறங்குமுன் படைத்தலைவன் திட்டமிடும் நேரம் இது. அமைதி வேண்டும்தான், வேலை செய்வதற்கான அமைதி.

687இல் எழுதப்பட்ட சுன் குவோதிங்கின் எழுத்துக்கலை நூலும் இதே திசையில் போகிறது. எழுத்து கைகூடும் ஐந்து சூழல்களை அவர் அடுக்குகிறார். மனம் ஓய்வாயிருப்பது அவற்றில் ஒன்று. காற்று இளகி ஈரமாயிருப்பது இன்னொன்று. காகிதமும் மையும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுவது மற்றொன்று. மனநிலையையும் வானிலையையும் பொருளையும் ஒரே தட்டில் வைத்தவர் அவர். பின்னாளில் பொருள் நழுவி மனம் மட்டும் மிஞ்சியது.

இன்னொரு சான்று வேறு திசையிலிருந்து வருகிறது. படித்த மேன்மக்களின் வீட்டில் மை இழைத்தது பெரும்பாலும் எழுதியவர் அல்லர். நூலறைப் பையன்கள், சீடர்கள், வீட்டுப் பெண்கள், பணியாளர்கள் இழைத்தார்கள். கவிஞர் லீ பாயைப் பற்றிய பெயர்பெற்ற கதை ஒன்றில், செருக்குமிக்க அமைச்சர் அவருக்கு மை இழைக்கவும் அரசனின் நெருங்கிய பணியாளர் காலணி கழற்றவும் நேர்கிறது. கதை வரலாறு ஆகாது. ஆனால் அந்தக் கதை கேட்பவர்களைச் சிரிக்கவைத்ததற்குக் காரணம், மை இழைப்பது காலணி கழற்றுவதற்கு நிகரான ஏவல் வேலையாக இருந்ததுதான். அதைப் புனிதச் செயலாக எல்லோரும் கருதியிருந்தால் கதையில் அவமானத்துக்கு இடமேது?

இதற்கு மறுப்பாக, கலைஞர்கள் மையில் காட்டிய பேரார்வத்தைச் சொல்லலாம். சூ ஷி (1037–1101) ஹைனான் தீவில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தபோது பான் ஹெங் என்ற மைக்காரரோடு சேர்ந்து தாமே மை செய்ய முயன்றார். அடுப்புத் தீ பற்றி வீடே எரிந்துபோகப் பார்த்தது. மிங் காலத்து மைவினைஞர் செங் தாயுவேயின் மைப்படத் தொகுப்பில் (1606) ஜெசுயிட் துறவி மத்தேயோ ரிச்சி கொடுத்த விவிலியப் படங்கள்கூட இடம்பெற்றன. ஆனால் இந்த ஆர்வத்தின் ஒரு பெரும்பகுதி கட்டியின்மேல், அதன் மணத்தின்மேல், அச்சுச் சித்திரத்தின்மேல், பழமையின்மேல் போயிற்று. தென் தாங் அரசு தன் குடிப்பெயரையே கொடுத்துச் சிறப்பித்த லீ திங்குவெய்யின் மைக்கட்டிகளைப் பின்வந்தோர் பொன்னைப்போல் பொத்திவைத்தார்கள். இழைத்துத் தீர்க்க மனம் வரவில்லை. மையைப் போற்றுவதும் இழைப்பதைப் போற்றுவதும் ஒன்றல்ல.

ஆக, பழைய நூல்கள் நமக்குத் தருவது பிளவுபட்ட படம். இழைக்கும் நேரத்தைத் திட்டமிடும் நேரமாக மதித்த மரபும் இருந்தது, இழைக்கும் உழைப்பைப் பிறர் தலையில் போட்ட வழக்கமும் இருந்தது. எழுதுபவரே இழைத்தாக வேண்டும் என்ற இன்றைய அழுத்தம் அந்த இரண்டிலிருந்தும் நேராகப் பிறக்கவில்லை. இழைக்க வேண்டிய கட்டாயம் போனபிறகு அதற்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. தியானம் அந்த நியாயமாக அமைந்தது என்று நான் கருதுகிறேன்.

புட்டி மை வந்த பிறகு

கட்டாயம் எப்போது போயிற்று? பெய்ஜிங்கின் யீதெகெ மைக்கடை 1865இல் தொடங்கியது. அதை நிறுவிய ஷியே சொங்தாய், அரசுத் தேர்வு எழுதுவோர் மை இழைப்பதிலேயே நேரத்தை இழப்பதைக் கண்டுதான் நீர்மையை விற்க நினைத்தார் என்று கடையின் மரபுக்கதை சொல்கிறது. கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருந்தாலும் அதன் தர்க்கம் சரியானது. தேர்வறையில் யாருக்கும் மன அடக்கம் தேவைப்படவில்லை; கறுப்பு தேவைப்பட்டது. ஜப்பானிலும் பள்ளிக் கல்வி பரவியதும் புட்டி மை வேரூன்றியது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இழைத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

புட்டி மையை இழிவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் கரிதான். அதைக் கெடாமல் வைக்க என்ன செய்தார்கள் என்பதே வேறுபாடு. விலங்குப் பசையில் செய்த புட்டி மையில், அது உறையாதிருக்கச் சில உப்புகளும் அழுகாதிருக்கப் பாதுகாப்புப் பொருளும் சேர்க்கிறார்கள். வேறு சிலவற்றில் பசைக்குப் பதில் செயற்கைப் பிசின். பிசின் மை உலர்ந்தால் நீரில் கரையாது. பின்புறம் ஈரப்படுத்தி உறைத்தாள் ஒட்டும்போது எழுத்து கலங்காது. ஆனால் கழுவாமல் விட்ட தூரிகை மரக்கட்டையாகிவிடும். எல்லாவற்றிலும் பதம் ஆலையில் முடிவாகிறது. நீர் சேர்த்து இளக்கலாம். ஆனால் உப்பும் பிசினும் கலந்த அந்தக் கலவை நீர்த்தபோது, மேலே சொன்ன நடுப்பகுதியும் விளிம்பும் இழைத்த மையில் பிரிவதுபோல் பிரிவதில்லை. கெட்டியான கறுப்பில் எழுதும்போது வேறுபாடு குறைவு; மெல்லிய மையில் அது பளிச்சென்று தெரியும்.

இங்கே ஒரு கருவியைச் சாட்சிக்கு அழைக்கலாம். ஆளுயரக் காகிதத்தில் எழுதும் ஜப்பானியக் கலைஞர்களுக்குக் கிண்ணக்கணக்கில் மை வேண்டும். அதற்காக மின்சார மை இழைப்பு இயந்திரம் விற்கிறது. உண்மையான கட்டியைப் பூட்டிவிட்டால் அது உண்மையான கல்லின்மேல் மணிக்கணக்கில் இழைத்துக்கொண்டிருக்கும். இதை வாங்குபவர் மன அடக்கத்தை வாங்கவில்லை; புட்டியையும் ஒதுக்கிவிட்டார். அவர் விலை கொடுப்பது இழைத்த மையின் நடத்தைக்காக மட்டும். தியானமே முழுக் காரணம் என்றால் இந்த இயந்திரத்துக்கு வாடிக்கையாளரே இருந்திருக்கக் கூடாது.

அப்படியானால் கை எதற்கு, இயந்திரமே போதுமே என்று கேட்கலாம். பெரும் அளவுக்குப் போதும். ஆனால் இன்றைய காகிதம் நேற்றையதைவிட உறிஞ்சுகிறது, காற்று வறண்டிருக்கிறது, எழுதப்போவது சிறிய எழுத்து என்று வரும்போது, எவ்வளவு நேரத்தில் நிறுத்துவது என்ற முடிவை இயந்திரம் எடுக்காது. சுன் குவோதிங் சொன்ன ஐந்து சூழல்களில் குறைந்தது மூன்று அந்த முடிவில் சந்திக்கின்றன. கற்பவருக்கு அந்த முடிவு எழுத்துப் பயிற்சியின் ஒரு பகுதி. புட்டியில் மட்டும் பழகியவருக்கு மை ஒரு மாறாப் பொருள். கோடு கசிந்தால் கையைக் குறைசொல்வார், மையை ஐயுற அவருக்குத் தோன்றாது. இது கல்விக்குள் நேரும் உண்மையான இழப்பு.

நாராவின் குளிர்காலம்

இழப்பு எழுதுபவரோடு முடிவதில்லை. ஜப்பானின் மைக்கட்டியில் பெரும்பகுதி இன்றும் நாரா நகரில் உருவாகிறது. 1577இல் தொடங்கிய கொபாய்என் என்ற மைப்பட்டறை அங்கே இன்னும் இயங்குகிறது. வேலை குளிர்மாதங்களில்தான் நடக்கும். சூட்டைப் பற்றிய ஜியா சிஷியேயின் எச்சரிக்கை பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் காலாவதியாகவில்லை. மண் அகலில் எண்ணெய்த் திரி எரிய, மேலே கவிழ்த்த மூடியில் கரி படிகிறது. சூடான பசையோடு சேர்த்துக் காலால் மிதித்தும் கையால் பிசைந்தும் மாவைப் பதமாக்கி, பேரிமர அச்சில் அழுத்துகிறார்கள். எடுத்த கட்டியை வெயிலில் வைத்தால் பிளந்துவிடும். அதனால் ஈரமான சாம்பலில் புதைத்து, நாள்தோறும் சற்று வறண்ட சாம்பலுக்கு மாற்றி, பிறகு வைக்கோலில் கோத்துத் தொங்கவிட்டு மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அதற்குப் பிறகும் நல்ல கட்டியை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள். பசையின் நீண்ட மூலக்கூறுகள் மெல்ல உடைந்து, ஒட்டும் வலு தணிந்து, மை இலகுவாக ஓடத் தொடங்கும்.

2018இல் ஜப்பானிய அரசு நாரா மையை மரபுக் கைவினையாக அங்கீகரித்தது. அங்கீகாரம் நல்லது. ஆனால் கட்டி தேய்ந்தால்தான் அடுத்த கட்டிக்குத் தேவை வரும். பெட்டியில் பட்டுத்துணி சுற்றிவைத்த கட்டிகளால் எந்தப் பட்டறையும் பிழைக்காது. தியானப் பேச்சின் இன்னொரு குறை இது: அது இழைப்பவரின் உள்ளத்தைப் பார்க்கிறது, கரி படிந்த நகங்களோடு பசை பிசைகிறவரைப் பார்ப்பதில்லை.

ஆறிய மை

என் வாதத்துக்கு எதிராகக் காட்டக்கூடிய வலுவான சான்று ஒன்று உண்டு. இழைத்த மையை அன்றே பயன்படுத்திவிட வேண்டும், கல்லை அன்றன்றே கழுவிவிட வேண்டும் என்பது எல்லாப் பள்ளிகளும் சொல்லும் விதி. இரவு கடந்த மையில் பசை சிதையத் தொடங்கும், கரி திரளும், உறைத்தாள் ஒட்டும்போது எழுத்து கலங்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும் நிலவெளி ஓவியர் ஹுவாங் பின்ஹொங் (1865–1955) இந்த ஆறிய மையை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். திரண்ட கரி காகிதத்தில் திட்டாகத் தங்கி, நீர் மட்டும் வெளியே ஓடும் அந்தக் குறையே அவருடைய மலைகளுக்கு அடர்த்தி கொடுத்தது. அடுக்கின்மேல் அடுக்காக அவர் வைத்த கறுப்பில் புதிய மையும் பழைய மையும் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கின்றன.

புதிதாக இழைத்ததே உயர்ந்தது என்ற விதி இங்கே உடைகிறது. ஆனால் ஹுவாங்கின் முறை புட்டிக்கு வழிவிடவில்லை. புட்டியில் இருப்பது ஆறாதபடி கட்டிப்போட்ட மை. அதற்கு நேற்றும் இன்றும் ஒன்றே. அவருக்கோ ஒரே கட்டியின் மை இழைத்த அன்று எப்படி ஓடும், மறுநாள் எப்படித் திரளும், எவ்வளவு நீர் சேர்த்தால் எந்த விளிம்பு கிடைக்கும் என்று தெரிந்திருந்தது. விதியை மீறும் அந்த அறிவும், மை இத்தனை மணி நேரத்துக்கு முன்பு இந்தப் பதத்தில் இருந்தது என்று தெரிந்தவருக்கே வாய்க்கும்.